எங்கள் வீட்டில் பழைய எண், புதிய எண்

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதத்தின் 19-ம் தேதி. தேதியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மனைவி நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறாள். 20-ம் தேதி கெடு. 19-ம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் பலமாகத் தும்மக்கூட மாட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, நெட் வரலை!"

கீழே என் கணினியைப் பார்த்தேன். வருகிறது. "இங்க வருதே" என்றேன். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவன் சொல்லியிருக்கக் கூடாத பதில். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன, ஆனால் இணையம் இல்லை என்று எழுதியிருக்கிறது. கீழே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் கணினியை அணைத்துப் போட்டேன். அதிலும் போய்விட்டது. வெளியே போய்விட்டு வந்த மகளின் ஃபோன் வாசலைத் தாண்டியதும் படுத்துக்கொண்டது. இத்தனை அமளியிலும் அப்பா மட்டும் தன் பழைய டெஸ்க்டாப்பில் தடங்கல் இல்லாமல் உபன்யாசம் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு வருதேடா" என்றார். பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

மனைவி யாரையும் எதிர்பார்க்காமல் தன் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வேலையைத் தொடர்ந்தாள். நான்தான் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏனென்றால் முந்தைய நாள்தான் மாடிக்கென்று புது ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டியிருந்தேன்.

எங்கள் வீடு நங்கநல்லூரில், எண்பதுகளில் அப்பா கடன் வாங்கிக் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். ஃபைபர்காரர்கள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி கீழே ஹாலில், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பி எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே மாட்டிவிடுவார்கள், வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் கவலை இல்லை. அந்தப் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஹாலில் பறக்கும், தளத்தைத் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடி வரை ஏறும், ஆனால் அங்கே ஏற்கெனவே அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் கூடி நிற்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான். மாடியில் நின்று ஃபோனில் தேடிப் பார்த்தேன், பதினேழு பெயர்கள் வந்தன.

அதனால்தான் கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே ஒரு ரவுட்டர் வைப்பதென்று முடிவு செய்தேன். ரிச்சி தெருவுக்குப் போய் ரவுட்டரும், கேட் 6 கேபிள் முப்பது மீட்டரும், கனெக்டர் பத்தும், அதைக் கேபிள் முனையில் கடித்து மாட்டுகிற கிரிம்பிங் டூலும் வாங்கினேன். கேபிள் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று கேட்டால், உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு என்பார்கள். அதைச் சுவருக்குள் விடாதீர்கள். இரண்டு முறை மடக்கினால் ஒடிகிறது.

கேபிள் போக வழி ஏற்கெனவே இருந்தது. மாடியில் இணைப்புத் தொலைபேசி வைத்திருந்த காலத்தில் போட்ட பிவிசி பைப். பழைய ஃபோன் வயரின் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டி மேலிருந்து இழுத்தேன். வயர் வந்தது, கயிறு வந்தது. அப்புறம் கயிற்றின் மறுமுனையில் கேபிளைக் கட்டி இழுத்ததும் அதுவும் வந்தது. இந்த ஒரு வேலை மட்டும் முதல் தடவையிலேயே சரியாக நடந்தது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டு பெட்டிகளிலும் வைஃபை பெயர், கடவுச்சொல் ஒன்றே. சனி இரவு என் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அது வெறும் அதிர்ஷ்டம் என்பது மறுநாள் வரை தெரியவில்லை.

ஒரே இணைப்பைப் பல கணினிகளுக்குப் பங்கு போடுவது எனக்குப் புதிதில்லை, அதனால்தான் இந்த அலட்சியம். 2000-ல் நான் டிடிபி தொழிலில் இறங்கியபோது வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்று எனக்கு, பத்திரிகை அடிக்க (கல்யாணப் பத்திரிகை). இன்னொன்று தம்பிக்கு, படிக்க. 56 கேபிபிஎஸ் மோடம் என் கணினியில் இருந்தது. இரண்டிலும் ரியல்டெக் 8139 கார்டு செருகி, நடுவில் ஒரு கிராஸ் கேபிள். அதாவது ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி அடித்த கேபிள், ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியாக இருக்க வேண்டுமல்லவா, அதற்காக. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில்தான் இணைப்பைப் பகிரும் வசதி முதன்முதலாக இருந்தது. அதைப் போட்டதும் என் கணினிக்கு 192.168.0.1 என்று முகவரி விழுந்தது. தம்பிக்கு நெட் வந்தது. நொடிக்கு நாலைந்து கிலோபைட், அதையும் இரண்டு பேர் பிய்த்துக்கொள்வோம். நான் கணினியை அணைத்தால் அவனுக்கும் போய்விடும். அம்மா ஹாலில் ஃபோன் ரிசீவரை எடுத்தால் இருவருக்கும் போய்விடும். அம்மா ரிசீவரை எடுத்து, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு, "டேய், ஃபோன்ல ஏதோ பேசுது" என்பாள்.

அப்புறம் 256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் வந்தது. அந்த மோடத்தில் ஒரே ஒரு லேன் ஓட்டைதான். முதலில் அதை பிரிட்ஜ் முறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விண்டோஸிலிருந்தே பெயரும் கடவுச்சொல்லும் போட்டு டயல் செய்ய வேண்டும், அதனால் ஒரு கணினிக்கு மட்டும்தான். மோடத்துக்குள் புகுந்து அதையே டயல் செய்யச் சொல்லிவிட்டு, பின்னால் ஒரு சுவிட்ச் பெட்டியை மாட்டினால் நாலு கணினிக்கும் வரும். இதை நானே கண்டுபிடித்த நாளில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. தெருவில் மூன்று வீடுகளுக்குப் போய்ச் செய்து கொடுத்தேன். காபி கிடைத்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தேன். என் கணினியின் முகவரி 192.168.0.101, கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.0.1. எழுந்துபோய் அப்பாவின் கணினியில் பார்த்தேன். 192.168.1.4, கேட்வே 192.168.1.1. மூன்றாவது எண் வேறு. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர்.

அப்பா உபன்யாசத்தை நிறுத்திவிட்டு, "என்னடா நம்பர் அது?" என்றார். அப்பா ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் ரயிலில் நின்றுகொண்டு, புறாக்கூண்டு மாதிரிப் பெட்டிகளில் கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். விலாசம் என்றால் அவருக்குக் காது நிமிரும். அதனால் கேபிளை விட்டுவிட்டு முதலில் அவருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது.

எங்கள் தெருவில் முன்பு ஒரே ஒரு வீட்டில்தான் ஃபோன் இருந்தது, எதிர்வீட்டில். தெருவில் பாதிப் பேர் தங்கள் விசிட்டிங் கார்டில் அந்த நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொள்வார்கள். வெளியூர்க்காரருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நம்பர். ரவுட்டர் அந்த எதிர்வீட்டு மாமிதான். வெளி உலகத்துக்குத் தெரிவது ஒரே முகவரி. உள்ளே இருக்கும் எங்கள் ஏழெட்டுக் கருவிகளுக்கும் 192.168 என்று தொடங்கும் வீட்டுக்குள்ளான எண்கள். மகள் ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்டவர் யார் என்று ரவுட்டர் ஒரு டோக்கன் நம்பர் போட்டுக் குறித்துக்கொண்டு, தன் பெயரில் வெளியே கேட்கும். பதில் அந்த டோக்கனோடு திரும்பி வரும். பட்டியலைப் பார்த்து, மகளிடம் சேர்த்துவிடும். இந்த டோக்கனுக்குப் போர்ட் எண் என்று பெயர், 65,535 வரை எண்கள் உண்டு.

"எதுக்கு இந்தச் சுற்று? ஆளுக்கொரு விலாசம் கொடுத்துட்டா என்ன?" என்றார் அப்பா. நல்ல கேள்வி. பழைய ஐபி முகவரி 32 பிட். கணக்குப் போட்டால் மொத்தம் 429 கோடிச் சொச்சம். உலகத்தில் ஆட்களே 800 கோடிக்கு மேல், அதில் ஆளுக்கு இரண்டு மூன்று கருவிகள். தீர்ந்துபோகும் என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்து, இந்தப் பி.பி. ஏற்பாட்டை 1994-ல் எழுதி வைத்தார்கள். அதே வருஷம் வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே சில எண்களை ஒதுக்கினார்கள். 192.168 அந்த வகை. உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அதேதான் இருக்கும், எங்கள் வீட்டு எண்ணோடு மோதாது, ஏனென்றால் அது வாசலைத் தாண்டுவதே இல்லை.

இந்த வீட்டு எண்ணை யார் கொடுப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டிருந்தேன். ஒரு கருவி வீட்டுக்குள் வந்ததும் "எனக்கு ஒரு எண் கொடுங்கள்" என்று பொதுவாகக் கூவும். அதற்குப் பதில் சொல்கிற வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். கீழே வெள்ளைப் பெட்டி அதைச் செய்துகொண்டிருக்கிறது. கடையில் வாங்கிய எந்த ரவுட்டரும் அதே வேலைக்குத் தயாராகத்தான் வரும். நான் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் ஓட்டையில், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான ஓட்டையில், செருகிவிட்டேன். இப்போது கூவினால் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். யார் முந்துகிறாரோ அவர் எண். கீழ்ப்பெட்டி கொடுத்தால் நெட் வரும். மாடிப் பெட்டி கொடுத்தால், "வெளியே போக என்னிடம் வா" என்று தன் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கும். வெளியிலிருந்து இணையம் நுழைய வேண்டிய அதன் வேன் ஓட்டையில் ஒன்றுமே செருகவில்லை. போய் நின்றால் முட்டுச்சந்து.

(வேன் என்றுதான் கடைக்காரர் சொன்னார். வான் என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆகாயத்தில் ஓட்டை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.)

அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பழைய எண், புதிய எண்" என்றார். சென்னைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மாநகராட்சி கதவு எண்களை மாற்றிப் போட்டதிலிருந்து ஒவ்வொரு விலாசத்திலும் இரண்டு எண்கள். எங்கள் தெருவிலேயே ஒருவரின் பழைய எண் இன்னொருவரின் புதிய எண். பார்சல்காரர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் வருது?" என்றார். அவர் கணினியை அணைக்கிற வழக்கமே கிடையாது. வெள்ளிக்கிழமை வாங்கிய எண்ணையே வைத்திருக்கிறார், புதிதாகக் கேட்கவே இல்லை. அணைத்துப் போட்டவர்களும் வெளியே போய் வந்தவர்களும்தான் மாட்டிக்கொண்டோம். மின்சாரம் வீணாகிறது என்று அவரோடு நான் போட்ட சண்டைகளை எல்லாம் அந்த நிமிஷத்தில் அவர் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

இதற்கு இரண்டு வழிகள். கேபிளைப் பிடுங்கி வேன் ஓட்டையில் செருகினால் மாடி தனி ஊராகிவிடும், நெட் வரும். ஆனால் கீழே இருக்கும் கணினியிலிருந்து மாடி லேப்டாப்பின் கோப்புகளை எடுக்க முடியாது, பி.பி.க்குள் இன்னொரு பி.பி. என்கிற இரட்டைச் சுற்று வேறு. எனக்குப் பிரிண்டரும் கோப்புகளும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அதனால் இரண்டாவது வழி. கேபிள் லேனிலேயே இருக்கட்டும். மாடி ரவுட்டருக்குள் போய் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1.2 என்று எண் கொடுத்தேன், கீழ்ப்பெட்டியின் ஊரிலேயே ஒரு வீடு. இனி அது விலாசம் கொடுக்காது, கடிதத்தை வாங்கி வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். சில ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு முறை இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் இதையெல்லாம் தானே செய்துகொள்ளும். பெட்டியோடு வந்த தாளை நான் படித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. சேனலையும் கீழே 1, மாடியில் 11 என்று பிரித்துவிட்டேன். பிரிண்டருக்கு மட்டும் 192.168.1.50 என்று நிரந்தர எண். அது அடிக்கடி எண் மாறினால் ஒவ்வொரு கணினியிலும் மறுபடி தேட வேண்டும்.

ஏழு மணிக்கு எல்லாருக்கும் வந்துவிட்டது. மனைவி ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை. "20 முடியட்டும்" என்றாள்.

ஆனால் இன்னொரு கணக்கு உதைத்தது. எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ். கீழே கம்பியில் வேகம் பார்த்தால் 190-க்கு மேல் போகிறது. மாடியில் கேபிளை நேரே லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் 94. எத்தனை முறை பார்த்தாலும் 94, 93, 94. இந்த 94 ஒரு அடையாளம். எங்கேயோ 100 எம்பிபிஎஸ் இணைப்பாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், அதில் தகவலைச் சுற்றி அனுப்பும் உறைகளின் எடை போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால் இணைப்பு அறுந்துபோகாது, புகார் சொல்லாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். டெஸ்டர் வாங்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்துத் தெரு கேபிள் டிவி பையனிடம் கடன் வாங்கினேன். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஏழு வரை எரிந்தது.

மாடி முனையை வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன். என் கண்ணுக்கு இப்போது வெள்ளை ஆரஞ்சும் வெள்ளைப் பழுப்பும் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகின்றன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைப் படித்தார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. படித்துவிட்டு, "பச்சையை ஏன் பிரிச்சு வெச்சிருக்கான்? சேர்த்து வெச்சா என்ன?" என்றார். நடுவில் இருக்கும் இரண்டு இடங்கள் தொலைபேசிக்கு உரியவை. பழைய ஃபோன் செருகியில் பேச்சு போகும் ஜோடி நடுவில்தான் இருக்கும், அதை ஒட்டியே நீல ஜோடியை நடுவில் உட்கார வைத்தார்கள். பச்சைக்கு அதன் இருபுறமும்தான் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஃபோன் வயர் போன பைப்பில்தானே இதுவும் போகிறது என்றார்.

எட்டாவது விளக்கு எரிந்தது. மாடியில் 191.

ஒன்று மட்டும் இன்னும் ஆகவில்லை. ராயப்பேட்டையில் அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக் கணினியில் இருக்கும் கோப்பை எடுக்க ஆசைப்பட்டேன். வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே விட ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்துவிட்டேன், வரவில்லை. வெள்ளைப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தால் வெளிப்பக்கத்து முகவரியே 100.70 என்று தொடங்குகிறது. 100.64-லிருந்து 100.127 வரை உள்ள எண்கள் இணையம் கொடுக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. அதாவது எதிர்வீட்டு மாமிக்கே சொந்த ஃபோன் இல்லை, அவளும் அடுத்த தெருவில் யாரோ ஒருவர் நம்பரைப் போட்டுப் பி.பி. என்று எழுதியிருக்கிறாள். வெளியிலிருந்து முதலில் கூப்பிடுகிறவனுக்கு எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாதா மாதம் தனியாகக் கட்டினால் நிலையான முகவரி தருவார்கள். புதிய முகவரி முறையான 128 பிட் ஐபிவி6-ல் கருவிக்கு ஒரு சொந்த விலாசமே கிடைக்கும், ஆனால் அச்சகத்து இணைப்பில் அது இல்லை. இப்போதைக்குப் பென் டிரைவ் சட்டைப் பையில் போய் வருகிறது.

போன வாரம் மாடிக்குப் போனபோது ரவுட்டரின் தலையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கீழ்ப்பெட்டியிலும் ஒன்று, அதில் 'தலைமை அஞ்சலகம்' என்று மட்டும் இருந்தது. மாடியில் இருந்ததில் இரண்டு வரிகள், அப்பாவின் கோணலில்லாத கையெழுத்தில்: 'துணை அஞ்சலகம். இங்கு விலாசம் தரப்படாது.'